செவ்வந்தியின் படங்கள்

சின்னக் கட்டம் மறுபடியும் திரையின் நடுவில் வந்து நின்றது. கேமராவைப் பிடிக்க முடியவில்லை, வேறு ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். ஓகே சொல்வதைத் தவிர அருளப்பனுக்கு வேறு எதுவும் விடப்படவில்லை. அழுத்தினான். கட்டம் போயிற்று. கேமராவிலிருந்து கம்பியை உருவி, கேமராவை அணைத்து, உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரும்பச் செருகி, திரும்பப் போட்டான். லென்ஸ் கிர்ரென்று வெளியே நீண்டது. முதுகிலிருந்த குட்டித் திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ஒரு மூலையிலிருந்து மசி கசிந்து பரவிய மாதிரி, அந்த மசிக்குள் முடி போல விரிசல்கள். அந்தத் திரை நன்றாக இருந்திருந்தால் இந்தக் கணினியே வேண்டாம், கேமராவையே ஜெசிந்தாவின் கையில் கொடுத்து இந்தா பார் என்று சொல்லியிருக்கலாம். அதில் மெமரி கார்டு இருந்திருந்தாலும் போதும், தெருமுக்கு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டிருக்கலாம். கார்டு இல்லை. ஆண்டுவிழாப் படங்களை ஏற்ற என்று, வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கிற்கு எடுத்துப்போன கார்டு அங்கேயே ஏதோ ஒரு மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கார்டு இல்லாத கேமரா தன் உடம்புக்குள்ளேயே கொஞ்சம் இடம் வைத்திருக்கும், அந்த இடத்தில் எடுத்ததைப் பத்திரப்படுத்தும் என்பது அவனுக்கு அன்றைக்கு மதுரையில்தான் தெரிந்தது. அந்த இடத்தில்தான் இருக்கிறாள் அவன் மகள். இரண்டு நாளும் கொஞ்ச நேரமும் உயிரோடு இருந்தவள். அவளை வெளியே எடுக்க இந்த ஒரு கம்பிதான் வழி. இந்தக் கம்பி வழியாக அவள் வரமாட்டேன் என்கிறாள், அல்லது யாரோ விடமாட்டேன் என்கிறார்கள். கேமராவின் பொத்தான்களைத் தொடவும் பயமாக இருந்தது. சில கேமராக்கள் திடீரென்று, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடட்டுமா என்று கேட்கும். இது அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால்கூட அந்தக் கறுப்பில் அவனுக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தி ஆமாம் என்று சொல்லிவிடுவான். ஆமாம், அழி. அப்படி நடந்ததுகூடத் தெரியாமல் கம்பியைச் செருகிக்கொண்டும் உருவிக்கொண்டும் இருப்பான். ஒருவேளை ஏற்கெனவே அப்படித்தான் ஆகிவிட்டதோ. காலையில் பேட்டரி மாற்றும்போது கட்டைவிரல் எங்கேயோ அழுந்தியது. எங்கே அழுந்தியது. அவன் கட்டைவிரலைப் பார்த்தான்.

வெயில் தாழக் கார் வந்துவிடும். ஜெசிந்தா தன் அக்கா ரெஜினாவோடு மணப்பாறைக்குப் போகிறாள். தையல் ஆறும் மட்டும் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள், அவனும் தலையாட்டினான். எப்போது வருவாய் என்று அவளிடம் கேட்க முடியவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம். இன்று காலை வெந்நீரில் குளித்துவிட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து வந்து இந்த அறை வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் அவனிடம் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை. “நான் கெளம்புறதுக்குள்ள எனக்கு அவ மொகத்தக் காட்டிருங்க” என்றாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை. சரி என்றான். சரி என்று சொன்னபோது இது அரை மணி நேரத்து வேலை என்றுதான் நினைத்தான். ஜெசிந்தா தன் குழந்தையைப் பார்த்ததே இல்லை. ஏழாம் மாதம், ஒரு விடியற்காலை, அடுப்படியில் பாலைக் காய வைத்தவள் தலை வலிக்கிறது என்றாள், கண் முன்னால் பொறி பறக்கிறது என்றாள், அப்புறம் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அவளுக்கு நினைவு திரும்பவில்லை. குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை. குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோயாக வேண்டும், யாராவது ஒருத்தர் கூட ஏறுங்கள் என்றார்கள். ஏறினான். அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தானா. யோசிக்கவில்லை, ஆம்புலன்ஸின் கதவு திறந்திருந்தது, ஏறினான். இங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மனைவி பிழைப்பாளா என்று தெரியாமல் கிடக்க, அவன் அங்கே இன்னொரு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். ஜெசிந்தா கண் விழித்தபோது அவளைச் சுற்றி எல்லோரும் இருந்தார்களாம். அவன் மட்டும் இல்லை. அவன் திரும்பி வந்தபோது கையில் எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். அவளை வைத்திருந்த அறைக்குள் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், அவளுக்குத் தாங்காது, வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், எல்லாம் உண்மை. அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், ஒரு நாள் எனக்காக வச்சிருக்கக் கூடாதா என்று. அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் எங்கோ நின்றுகொண்டே இருக்கிறது. சோறு சாப்பிடும்போது பக்கத்தில் நிற்கிறது. இந்தப் படங்களும் வராவிட்டால் அது அவளோடு காரில் ஏறி மணப்பாறைக்குப் போகும், அங்கேயே தங்கிவிடும், அவளும் அதோடு தங்கிவிடுவாள். அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த முகம் அவனுக்கே மறந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் நீலக் குல்லாய் வருகிறது, மூக்கோரம் ஒட்டிய பிளாஸ்திரி வருகிறது, அந்தக் குழாய் வருகிறது. குல்லாய்க்கும் பிளாஸ்திரிக்கும் நடுவில் இருந்தது என்ன. நெற்றி எப்படி இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தான், எவ்வளவு பக்கத்தில் பார்த்தான். எப்படி மறக்கும்.

இந்தக் கணினியில் முன்பு விண்டோஸ்தான் இருந்தது. வைரஸ் வந்து தின்று தீர்த்தபோது, கூட வேலை பார்க்கும் பிரிட்டோ ஒரு சிடியோடு வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். காசில்லை, வைரஸ் இல்லை, ஒருநாளும் தொந்தரவு பண்ணாது அண்ணே என்றான். உண்மையில் பண்ணவும் இல்லை. இரண்டு வருஷமாக அதில் பரீட்சைத்தாள் அடித்தான், பாட்டுக் கேட்டான், ஜெசிந்தா ஐந்தாம் மாதத்தில் அதில் உட்கார்ந்து குழந்தைப் பெயர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை அதில் ஒருநாளும் மாட்டியதில்லை, கார்டைத்தான் போடுவான். இன்றைக்குப் பிரிட்டோவின் போன் எடுக்கவில்லை. நாலைந்து தடவை அடித்தாயிற்று. யாருக்கோ கல்யாணம் என்று போன வாரம் சொன்ன ஞாபகம், கோவிலுக்குள் இருப்பான். இன்டர்நெட்டில் பார்க்கலாம் என்றால் நெட்டுக்கு ஒரு டேட்டா கார்டைச் செருக வேண்டும், கணினியின் பின்னால் வேலை செய்கிற துளை ஒன்றுதான் மிச்சம். அதில் கேமராவைச் செருகினால் நெட் போகும், நெட்டைச் செருகினால் கேமரா போகும். கேமராவை உருவிவிட்டு நெட்டைச் செருகினான். பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது. பக்கம் மேலிருந்து கீழாக, யாரோ பாயை விரிப்பதுபோல, மெல்ல மெல்ல வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஒருவன் இதே கட்டத்தைப் பார்த்திருக்கிறான், இதே இரண்டு வரியை எழுதிப் போட்டு உதவி செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறான். அருளப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கீழே ஒருவர் கம்பியை மாற்றிப் பார் என்கிறார். ஒருவர் வேறு லினக்ஸ் போடு என்கிறார். ஒருவர் கார்டு ரீடர் வாங்கு என்கிறார். கடைசியில் முதலில் கேட்டவனே வந்து, சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அருளப்பன் பக்கத்தை மேலே தள்ளினான், கீழே தள்ளினான், இரண்டாம் பக்கம் இருக்கிறதா என்று தேடினான். அவனுக்கு அந்த முகம் தெரியாத ஆளின் மேல் கொலைவெறி வந்தது. என்ன படம் வைத்திருந்திருப்பான், ஊட்டிக்குப் போனதோ கடற்கரைக்குப் போனதோ. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா. இன்னொரு பக்கத்தில் ஒரு கட்டளை கிடைத்தது, அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான், நெட்டை உருவினான், கேமராவைச் செருகினான், கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து கையைப் பார்த்துப் பார்த்து அடித்தான். வரிசையாகச் சில வரிகள் வந்தன. ஒரு வரியில் கேமராவின் பெயர் இருந்தது. இருந்தது. கணினிக்கு அது தெரிகிறது. இதோ இருக்கிறது என்று சொல்கிறது, பெயரைக்கூடச் சொல்கிறது, கொடு என்றால் மட்டும் கொடுக்கமாட்டேன் என்கிறது. திரும்ப அந்தக் கட்டம். ஓகே. வேர்வை எழுத்தை அழித்து உள்ளங்கை நீலமாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் மின்விசிறி சுற்றுவதை நிறுத்தத் தொடங்கியது, திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

தினமும் போகிற கரண்ட்தான். இன்றைக்குப் போகாது என்று எதை வைத்து நினைத்தான். அறைக்குள் சத்தமே இல்லாமல் போனதும் மல்லிகைப்பூ வாசம் வந்தது, அல்லது இத்தனை நேரம் இருந்தது இப்போது தெரிந்தது. ஜெசிந்தாவுக்குப் பால் கட்டிவிட்டது. குழந்தை இல்லை என்பது மாருக்குத் தெரியவில்லை. வற்றுவதற்காக ரெஜினா காலையும் மாலையும் மல்லிகைச் சரத்தை வைத்து இறுக்கித் துணியால் கட்டிவிடுகிறாள். வாடிய பூவைக் கழற்றிப் புதிய பூவை வைக்கிறாள். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கிறது. நேற்று பூக்காரம்மா, இவ்வளவு பூ வாங்குறீங்களே வீட்ல விசேஷமா என்று கேட்டாளாம். ரெஜினா ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. அருளப்பன் எழுந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனான். ரெஜினா அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. ஜெசி தூங்குகிறாளா என்று கேட்டான். கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. படம் வரலன்னு சொல்லிருங்க. பாக்காம இருந்தா ஒரு கெட்ட கனவுன்னு போயிரும். பாத்துட்டா அவளால இனி எந்திரிக்க முடியாது.” அவன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மதினி கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை ராத்திரியும் தங்கையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவள் சொல்வதில் நியாயம்கூட இருக்கலாம். கெட்ட கனவு. அப்படியானால் அவன். அவனும் கனவு கண்டானா. இந்த உலகத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்தவர்கள் மதுரையில் வேலை நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போகிற நாலைந்து பேர், அவர்களுக்கு அவள் ஒரு படுக்கை எண், அவர்களும் மறந்திருப்பார்கள். அப்புறம் அவன். அவன் ஒருவன் மட்டும். அவனுக்கும் மறந்துகொண்டிருக்கிறது. அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அறைக்குத் திரும்பி, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். படம் வரவில்லை. சொல்லிப் பார்த்தான், உதட்டுக்குள். படம் வரல ஜெசி. எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அது பொய்யும் இல்லை, இந்த நிமிஷத்தில் அதுதான் உண்மை. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ம் என்பாள். காரில் ஏறுவாள்.

மதுரையில் உள்ளே விட்ட நேரம் கொஞ்சம்தான். பச்சை அங்கி போட்டு, முழங்கை வரைக்கும் கையைக் கழுவச் சொல்லி விடுவார்கள். கண்ணாடிப் பெட்டியில் வட்டமாக இரண்டு ஓட்டை, அதற்குள் கையை விட்டுத் தொடலாம். முதல் தடவை தொடப் பயந்தான். அவன் ஆள்காட்டி விரலைவிட அவள் கை சிறியது. லிஸி என்று ஒரு நர்ஸ், உயரமானவள், தொடுங்க சார், ஒன்றும் ஆகாது, அவளுக்குத் தெரியும் என்றாள். எது தெரியும் என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி உள்ளே வந்தபோது லிஸி ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். சாமியார் வர நேரமாகும், ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் நீங்களே கொடுக்கலாம் சார் என்றாள். அவனுக்கு அந்த வார்த்தைகள் தெரியும், சின்ன வயதில் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தது. பெயர்தான் வரவில்லை. அந்தப் பெயருக்காக ஜெசிந்தாவோடு எத்தனை நாள் சண்டை. அவள் செவ்வந்தி என்று வைக்க வேண்டும் என்றாள். அது என்ன பூக்கடைப் பேர், ஒரு புனிதையின் பேராக வைப்போம் என்று அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு புனிதையும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. செவ்வந்தி, உன்னைக் கழுவுகிறேன் என்று தொடங்கிவிட்டான். தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் அவள் முகம் சுளித்தாள். சுளித்தாள். அந்தச் சுளிப்பு. அதைத்தான் இப்போது பிடிக்கப் பார்த்தான். புருவம் எப்படி நெறிந்தது, வாய் எந்தப் பக்கம் கோணியது. வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தபின் பெயரை ஜெசிந்தாவிடம் சொன்னான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேமராவை எடுத்துக் கொடுத்ததே லிஸிதான். பிரசவத்துக்கு என்று ஜெசிந்தா கட்டி வைத்திருந்த பை அவனோடு ஆம்புலன்ஸில் வந்துவிட்டிருந்தது, அதில் துண்டுகளுக்கு அடியில் கேமரா கிடந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்க, கொடுங்க சார் என்று வாங்கிக்கொண்டாள். கார்டு இல்லை என்கிறதே, உள்ளேயே எடுக்கிறது போல என்று அவள்தான் சொன்னாள். எப்போது எடுத்தாள், எத்தனை எடுத்தாள், எடுத்தாளா என்றே அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஃபிளாஷ் வந்த ஞாபகம் இல்லை. கடைசியில் துணி சுற்றிக் கொடுத்தபோது கேமராவையும் கொடுத்தாள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில், குழிக்குள் அந்தச் சின்னப் பெட்டியை வைக்கக் குனிந்தபோது அது பையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. எடுக்கவில்லை. இரண்டு கையும் பெட்டியில் இருந்தன, பெட்டியை விட முடியவில்லை. யாரோ வந்து அவன் விரல்களைப் பிரித்தார்கள்.

விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. கணினியைப் போட்டான். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் தெருவில் ஏதோ ஒரு கார் வந்து நின்றது, எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தான், அது எதிர்வீட்டுக்கு வந்த கார். கேமராவைச் செருகினான். லென்ஸ் பாதி வந்து நின்று திரும்ப உள்ளே போனது. பேட்டரி. பெட்டிக்கடையில் வாங்கிய மட்டமான பேட்டரி, தீர்ந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடி இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தான். போட்டான், செருகினான், கட்டம் வந்தது. ஓகே. செருகினான், கட்டம் வந்தது. ஓகே. மூன்றாவது தடவை அவன் ஓகேயை அழுத்தவில்லை. அந்த இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தான். வேறு எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. எது. என்ன வேண்டும் அதற்கு. எதற்காக என் பிள்ளையை. தலையை மேஜையில் வைத்துக்கொண்டான். சொல்லிவிடலாம். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். மதினி தலையசைப்பாள், எல்லோருக்கும் நல்லது. கேமராவை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு என்றைக்காவது, தைரியம் வந்தால். தைரியம் வராது என்று அவனுக்குத் தெரியும். மேஜை அதிர்ந்தது. போன். பிரிட்டோ. பின்னால் நாதஸ்வரமோ பேண்டோ ஏதோ கேட்டது, அப்புறம் அவன் வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. அருளப்பன் கோர்வையில்லாமல் சொன்னான். எந்தப் படம் என்று பிரிட்டோ கேட்கவில்லை, புரிந்துகொண்டான். கட்டத்தில் இருப்பதை அப்படியே படிங்க அண்ணே என்றான். படித்தான். “உங்க மேல தப்பு இல்லண்ணே. கேமராவச் செருகுன ஒடனே டெஸ்க்டாப்பே ஓடியாந்து அதப் பிடிச்சுக்கிரும். நல்லதுக்குத்தான் பிடிக்கும், விடத்தான் தெரியாது. நான் சொல்றத அப்படியே அடிங்க. முதல்ல அதக் கொன்னுருவோம்.” அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அருளப்பன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தான். கட்டளையின் முதல் வார்த்தையே கொல் என்பதுதான். அதை அடித்துவிட்டு, அப்புறம் வருகிற நீளமான பெயரையும் அடித்துவிட்டு, என்டர் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது. தப்பான எதையாவது கொன்றுவிட்டால். ஒரு எழுத்து மாறி, அது கேமராவுக்குள் போய். அடிச்சிட்டீங்களா என்று பிரிட்டோ கேட்டான். இன்னொரு முறை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார்கள். அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை, பதிலும் இல்லை, கர்சர் மட்டும் அடுத்த வரிக்குப் போய் நின்று இமைத்தது. அதுதாண்ணே, ஒன்னும் சொல்லாட்டி சரின்னு அர்த்தம் என்றான் பிரிட்டோ. இப்போது இரண்டாவது கட்டளை. அடித்தான். அழுத்தினான். ஒரு நொடி, இன்னொரு நொடி. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி வந்தது, சேமிக்கிறேன் என்று. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. வருது, வருது என்று அவன் போனில் திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் பேசுங்கண்ணே என்று பிரிட்டோவே வைத்துவிட்டான்.

படங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும், சின்னச் சின்னச் சதுரங்களாக வரிசையில் நின்றன. இத்தனை நேரம் இதற்காகத்தான் உயிரை விட்டான், இப்போது அந்தச் சதுரங்களை நேராகப் பார்க்க முடியவில்லை. கண்ணை ஓரமாக வைத்துக்கொண்டு முதல் படத்தைத் திறந்தான். குழந்தை இல்லை. பீரோக் கண்ணாடி. அதன் முன்னால் ஜெசிந்தா, நைட்டியில், ஏழு மாத வயிற்றோடு, ஒரு கையால் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஃபிளாஷ் வெளிச்சம் பாதி முகத்தை விழுங்கியிருந்தது. பையில் வைப்பதற்கு முன்னால் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்கிறாள். மிச்சப் பாதி முகத்தில் சிரிப்பு. தாயும் மகளும் ஒன்றாக இருக்கிற படம் இது ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்ததைத் திறக்கலாமா, முதலில் தான் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததை ஒதுக்கிவிட்டு அப்புறம் அவளைக் கூப்பிடலாமா, எது பார்க்கக் கூடாதது, அதை முடிவு செய்ய அவன் யார். ஏற்கெனவே ஒரு முறை அவளுக்காக முடிவு செய்தாயிற்று. மல்லிகை வாசம் திடீரென்று நெருங்கி வந்தது. திரும்பினான். ஜெசிந்தா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரும்போது தையல் இழுத்துப் பல்லைக் கடித்தாள். காட்டுங்க என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த படத்தில் குல்லாய், பிளாஸ்திரி, குழாய். அவனுக்கு ஞாபகம் இருந்தது மட்டும்தான் அதில் இருந்தது. இது என்ன என்று குழாயைக் காட்டிக் கேட்டாள். மூச்சுக்கு என்றான். இது. நாடி பார்க்க. இது. பால் போக. பால் என்றதும் அவள் கை தன் மார்புத் துணியின் மேல் போய் நின்றது. புத்தகம் படிப்பவளைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்தது என்றாள். அடுத்தது அவன் எதிர்பாராதது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள், பச்சை அங்கி, ஒரு கை முழங்கை வரைக்கும் வட்ட ஓட்டைக்குள் போயிருக்கிறது. நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, வாய் கோணி, மூக்கிலிருந்து ஒழுக அழுதுகொண்டிருக்கிறான். உள்ளே அவன் ஆள்காட்டி விரலை ஒரு குட்டிக் கை பிடித்திருக்கிறது. லிஸி எப்போது இதை எடுத்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அடுத்த படத்துக்குப் போகப் போனான். ஜெசிந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். குழந்தையைப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

“இப்படியேவா இருந்தீங்க?”

“உள்ள விட்ட நேரமெல்லாம்.”

“சூடா இருந்தாளா?”

“ம். சூடா இருந்தா. கைய விடவே இல்ல.”

அவள் மணிக்கட்டை விட்டாள். கடைசிப் படத்தில் குழாய் இல்லை, பிளாஸ்திரி இல்லை, குல்லாயும் இல்லை. வெள்ளைத் துணிக்கு நடுவில் முகம் மட்டும். கறுகறுவென்று இவ்வளவு முடி. தூங்குறாளா என்று ஜெசிந்தா கேட்டாள், அந்தக் கேள்வியில் முதல் தடவையாகக் குரல் உடைந்தது. ஆமாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. “இல்ல ஜெசி. அப்புறம் எடுத்தது” என்றான். அவள் தலையை ஆட்டினாள், தெரியும் என்பதுபோல, தெரிந்தும் ஒரு தடவை கேட்டுப் பார்த்ததுபோல. அப்புறம் முன்னால் சாய்ந்து, தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணாடித் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பிரசவத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். வெளியே கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. அழுகைச் சத்தம் கேட்டு ரெஜினா துணிப்பையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள், அருளப்பனைப் பார்த்த பார்வையில் நான் சொன்னேனே என்பது இருந்தது. ஜெசிந்தா திரும்பாமலே கையை நீட்டினாள். “அக்கா, இங்க வா. எம் பொண்ணப் பாரு.” ரெஜினா வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள், தங்கையின் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து தங்கையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். முடியப் பாருக்கா, நீ பொறந்தப்ப உனக்கு இருந்துச்சுன்னு அம்மா சொல்லுமே, அதே மாதிரி என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே, பெருமையோடு. ஹாரன் மறுபடியும் அடித்தது. ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கார்க்காரரை நாளைக்கு வரச் சொல்லிருங்க என்றாள். அருளப்பன் சரி என்று எழுந்தான். அவர்கள் இருவருடைய தலைக்கும் மேலாக, நின்ற இடத்திலிருந்து, அவனுக்கு முகம் தெரிந்தது. நெற்றி சின்னது, முடி புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. கீழுதடு உள்ளே மடங்கியிருந்தது, எதையோ சொல்லாமல் வைத்துக்கொண்டதுபோல. இதுதான். இப்படித்தான் இருந்தாள். கார்க்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான்.